டாக்ஸோரூபிசின் லிப்போசோமுக்குள் ஏற மறுத்தால்

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து, லிப்பிட் எனும் கொழுப்புப் பொருளாலான நுண்ணிய பையான லிப்போசோமுக்குள் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் முதலில் மருந்துதான் சந்தேகத்துக்கு ஆளாகிறது, அடுத்து லிப்பிட். உண்மையில் கோளாறு பல நேரம் டயாலிசிஸில், அதாவது சவ்வுப் பை வழியே வெளிக்கரைசலின் உப்பை நீக்கும் கட்டத்தில், இருக்கும். 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, லிப்போசோமில் அடைத்த டாக்ஸோரூபிசினான டாக்ஸிலின் லிப்பிட் விகிதத்தை ஒட்டி, 5 மில்லி செய்வதற்கான கணக்கு இது.

எச்.எஸ்.பி.சி. (ஹைட்ரஜன் ஏற்றிய சோயா லிப்பிட்) 48 மி.கி., கொலஸ்ட்ரால் 16 மி.கி., பெக்-2000 பாலிமர் இணைந்த டி.எஸ்.பி.இ. என்ற லிப்பிட் 16 மி.கி. மூன்றையும் 5 மில்லி குளோரோஃபார்மில் கரைத்து ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் காயவைக்க வேண்டும். வாக்குவத்தை ஒரேயடியாக இழுத்தால் கரைசல் பொங்கிக் குடுவையின் கழுத்தில் ஏறிவிடும். படலம் படிந்ததும் இரவு முழுக்க வாக்குவம் பம்பில் விடுங்கள். மிஞ்சிய குளோரோஃபார்ம் லிப்போசோமை ஒழுகவைக்கும்.

அடுத்து 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்ஃபேட் 5 மில்லி. படலமும் கரைசலும் 65 டிகிரியில் இருக்கட்டும். எச்.எஸ்.பி.சி. இளகுவதே 50-க்கு மேல்தான். ஆறிய கரைசலை ஊற்றினால் படலம் செதில் செதிலாக உரியும். லிப்போசோமைச் சவ்வுத் துளை வழியே தள்ளி ஒரே அளவாக்கும் எக்ஸ்ட்ரூடரும் அதன் இரு சிரிஞ்சுகளும் அதே சூட்டில் இருக்க வேண்டும். 400, 200, 100 நானோமீட்டர் சவ்வுகள் வழியே வரிசையாக, ஒவ்வொன்றிலும் 11 முறை. ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் உண்டு: கடைசியில் கரைசல் எதிர்ச் சிரிஞ்சில் நிற்கும், சவ்வைத் தாண்டாத பெரிய துகள்கள் முதல் சிரிஞ்சிலேயே தங்கிவிடும். தள்ளும்போது கை திடீரென்று லேசானால் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி டயாலிசிஸ். 10 சதவீத சுக்ரோஸில் 10 மில்லிமோலார் ஹிஸ்டிடின், பி.எச். 6.5, ஒவ்வொரு முறையும் 500 மில்லி, மூன்று மாற்றம். லிப்போசோமுக்கு வெளியே உள்ள அம்மோனியம் சல்ஃபேட் நீங்கிவிட்டால், உள்ளிருக்கும் அம்மோனியா கசிந்து வெளியேறும், புரோட்டான் உள்ளே தங்கும். மின்சுமையில்லாமல் நுழையும் மருந்து அங்கே சுமையேறி, சல்ஃபேட்டோடு சேர்ந்து படிகமாக உறைந்துவிடும். திரும்பி வர வழியில்லை. வெளியேயும் உப்பு மிஞ்சினால், மருந்தை உள்ளே இழுக்கும் இந்த உள்-வெளிச் செறிவு வேறுபாடே உருவாகாது. நேரமில்லை என்று ஒரு மாற்றத்தோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. கடைசியாக மாற்றிய வெளிநீரில் இரண்டு துளி பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னொரு மாற்றம் தேவை.

மருந்தையும் சுக்ரோஸில்தான் கரைக்க வேண்டும். பாஸ்ஃபேட் பஃபரில் அது திரிந்து திரளும். எக்ஸ்ட்ரூடரில் லிப்பிட் கொஞ்சம் வீணாகியிருக்கும் என்பதால், 80 மி.கி. அப்படியே இருப்பதாக நினைத்து 10 மி.கி. மருந்தைக் கொட்டாதீர்கள், பாஸ்ஃபரஸ் அளந்து, 8 பங்கு லிப்பிடுக்கு 1 பங்கு மருந்து என்று கணக்கிடுங்கள். இரண்டையும் கலந்து 65 டிகிரியில் ஒரு மணி நேரம், உடனே பனிக்கட்டியில். செல்லைக் கொல்லும் மருந்து, இரட்டைக் கையுறை கட்டாயம்.

அளவு வாரியாகத் துகள்களைப் பிரிக்கும் செஃபடெக்ஸ் ஜி-50 நிரலில் விட்டால் முதலில் இறங்கும் சிவப்புப் பட்டை லிப்போசோம், பின்தங்குவது ஏறாத மருந்து. முதல் பட்டையை ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துச் சூடாக்கி உடைத்த பிறகே 480 நானோமீட்டரில் அளக்க வேண்டும். உடைக்காமல் ஒளிர்வை அளந்தால், உள்ளே நெருங்கிக் கிடக்கும் மருந்து மங்கலாகத் தெரியும். நன்றாக ஏறிய தொகுதியைக்கூடத் தோல்வி என்று கொட்டிவிடுவீர்கள்.