100 சதவீதம் முடிந்த ஆக்சஸ் ரிவியூ, மறுபடி முதலிலிருந்து

கம்பெனி சிஸ்டத்தில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது, அது இன்னும் தேவையா என்று மேனேஜர்கள் வரிவரியாகப் பார்த்து ஒப்புதல் தருவதுதான் ஆக்சஸ் ரிவியூ. மூன்று வாரம் துரத்தித் துரத்தி எல்லா மேனேஜர்களையும் அதை முடிக்க வைத்தேன். டாஷ்போர்டில் 100 சதவீதம். ஆடிட்டர் அதைப் பார்க்கவேயில்லை. "இந்த லிஸ்ட்டை என்னைக்கு, எந்த க்வெரியில எடுத்தீங்க? எண்ணிக்கையோட ஸ்கிரீன்ஷாட் இருக்கா?" என்றார். இல்லை. வெறும் எக்செல்தான் இருந்தது. சிஸ்டத்தில் இருக்கிற அத்தனை பேரும் அந்த எக்செல்லில் வந்துவிட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லையென்று காலாண்டு ரிவியூ மொத்தத்தையும் தள்ளிவிட்டார். லிஸ்ட் எடுக்கும்போதே தேதி, க்வெரி (லிஸ்ட்டை எடுக்கச் சிஸ்டத்துக்குக் கொடுக்கும் கட்டளை), எண்ணிக்கை மூன்றும் ஒரே திரையில் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். பிறகு எடுத்தால் செல்லாது.

எங்கள் தாய்க் கம்பெனி அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருப்பதால், நிதி அறிக்கைக்கான உள்கட்டுப்பாடுகள் சரியாக இருக்கின்றனவா என்று மதிப்பிடச் சொல்லும் 2002 சர்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 404-வது பிரிவு எங்கள் தலையிலும் விழுகிறது. மறுபடி செய்தே ஆகவேண்டும்.

செய்வதற்கு முன் லாக்கை, அதாவது யார் எப்போது அப்ரூவ் செய்தார் என்ற சிஸ்டம் பதிவை, எடுத்துப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. ஒரு மேனேஜர் 212 வரிகளை நான்கே நிமிடத்தில் அப்ரூவ் செய்திருந்தார். அதில் ஒருவருக்குப் புதிய வெண்டரைச் சேர்க்கும் உரிமையும் இருந்தது, பணம் அனுப்ப ஒப்புதல் தரும் உரிமையும் இருந்தது. போலி வெண்டரை உருவாக்கிப் பணத்தை எடுத்துப்போக இந்த இரண்டும் போதும்.

கோபத்தோடு போன் போட்டேன். "மேடம், ரோல் பேரெல்லாம் வெறும் கோடா இருக்கு. எதை எடுத்தா யார் வேலை நிக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். நியாயம்தான். ரோல் என்பது ஒரு வேலைக்கான உரிமைகளின் தொகுப்பு; லிஸ்ட்டில் அதன் குறியீடு மட்டும்தான் இருந்தது. ஃபைனான்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு ரோலுக்கும் புரிகிற மாதிரி ஒரு வரி விளக்கம் எழுதினோம். இந்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

முடித்த சதவீதத்தை இப்போது நான் கடைசியில்தான் பார்க்கிறேன். ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் செலவிட்டார், நீக்கச் சொன்னது சிஸ்டத்தில் எத்தனை நாளில் நீங்கியது, இவைதான் முக்கியம். போன முறை நீக்கச் சொன்ன ஒன்பது உரிமைகள் ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருந்தன; அதற்குப் போட்ட டிக்கெட்டை, அதாவது கோரிக்கையை, யாருமே எடுக்கவில்லை. ஆனால் 'இத்தனை நீக்கவேண்டும்' என்று டார்கெட் மட்டும் வைத்துவிடாதீர்கள். கணக்குக் காட்டுவதற்காகத் தேவையானதையும் பிடுங்கிவிடுவார்கள்.

மேனேஜர்கள் நிஜமாகவே படிக்கிறார்களா என்று பார்க்க, லிஸ்ட்டில் இல்லாத ஆட்களின் பெயரில் ஐந்து பொய் வரிகளையும் கலந்தோம். பாதுகாப்புத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் இதைத் தொடாதீர்கள். லிஸ்ட்டில் மட்டும்தான் சேர்க்கவேண்டும், சிஸ்டத்தில் நிஜ ஐடி உருவாக்கவே கூடாது. ஆடிட்டருக்குப் போகும் பிரதியிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததையும் எழுதி வைக்கவேண்டும். "என்னையே சோதிக்கிறீங்களா?" என்று ஒருவர் சத்தம் போட்டார். குடோன் மேனேஜரோ அன்றைக்கே கூப்பிட்டார்: "இந்தப் பேர்ல என்கிட்ட யாரும் வேலை பாக்கலையே, யாருங்க இது?" கண் கலங்கிவிட்டது எனக்கு.

இந்த முறை ஆடிட்டருக்குப் போன லிஸ்ட்டில் 4,806 வரி. ஸ்கிரீன்ஷாட்டிலும் 4,806. ஆடிட்டர் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.