வெயில்மேல் போடும் பழி

ஜூன் 4
கிளிநொச்சிப் பக்கம் இப்போது வேர்வை என்று சொன்னாலே "வெயிலுக்குத்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். இன்று கிளினிக்குக்கு வந்த சலரோகக்கார ஐயாவும் அப்படித்தான். விடியப்புறம் சாரம் நனைய வேர்க்குமாம், கையும் நடுங்குமாம்.

"ராவில என்னய்யா சாப்பிட்டனீங்கள்?"

"பசிக்கேல்லைப் பிள்ளை. குளிசையை மட்டும் போட்டிட்டுப் படுத்திட்டன்."

கிளிக்லசைட் குளிசை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே போனால் நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வேர்வை. தலைமாட்டில் சீனி வைக்கச் சொன்னேன். டொக்டர் குளிசையைக் குறைத்தார்.

ஜூன் 9
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கை வேர்த்துப் பரீட்சைத் தாள் ஊறிவிடுகிறது. பயந்தாங்கொள்ளி என்கிறார்கள், கேட்க எரிச்சலாக இருக்கிறது. இரண்டு உள்ளங்கையும் ஒரே மாதிரி, சின்ன வயதிலிருந்தே, நித்திரையில் காய்ந்துவிடும், தாய்க்கும் உண்டு. இதற்குப் பின்னால் வேறு வருத்தம் இருப்பது அரிது. இரவில் காய்ந்த தோலில் பூச 20 வீத அலுமினியம் குளோரைட் இருக்கிறது.

ஜூன் 15
மத்தியானம் வயலிலிருந்து ஒரு தம்பியைத் தூக்கி வந்தார்கள். "வெயிலுக்கு மயங்கிட்டான், மிஸ்" என்றார் தமையன். உடம்பெல்லாம் வேர்வை, வாயால் நீர், கண்மணி ஊசிமுனையளவு. சட்டையில் மருந்து மணந்தது. காலையிலிருந்து எதிர்க்காற்றில் நின்று நெல்லுக்கு மருந்தடித்திருக்கிறான். கையுறை இல்லை.

1995இல் பூச்சிமருந்துகளில் மிகக் கொடிய வகைகளை நாட்டில் தடை செய்தார்கள். மிச்சமிருந்த ஓர்கனோபொஸ்பேற் மருந்துகளும் லேசுப்பட்டவையல்ல, தோலாலேயே உள்ளே போகும். வேர்வைச் சுரப்பியைத் தூண்டுவது அசற்றைல்கோலின். அதை உடைக்கும் நொதியத்தை இந்த நஞ்சு முடக்கிவிடும். பிறகு சுரப்பி ஓயாது, நெஞ்சிலும் சளி நிறையும். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்த நஞ்சுக்கு மாற்றுமருந்தான அற்றோப்பின் ஏற்றினோம். ஏற்றியது போதுமா என்று பார்க்க நெஞ்சுச் சத்தம், நாடித்துடிப்போடு கமக்கட்டையும் தொட்டுப் பார்ப்போம். பொழுதுபடத்தான் அது காய்ந்தது. தமையன் பிறகும் வெயிலைத்தான் திட்டினார்.

ஜூன் 20
ஒரு அம்மா. இரவில் தலையணை நனையுதாம், சட்டை தொளதொளத்துவிட்டது, இருமல் இரண்டு கிழமைக்கு மேல். "பழைய மலேரியாவோ பிள்ளை?" என்றார். வன்னியில் அந்தக் காய்ச்சலை அறியாத பெரியவர் யார்? ஆனால் 2016இலேயே இலங்கை மலேரியா அற்ற நாடாகிவிட்டது. காசநோய்க்குச் சளி எடுத்தோம். தைரொயிட்டுக்கும் இரத்தம் எழுதியிருக்கிறார் டொக்டர். முடிவு அடுத்த கிழமை.