வீட்லதான இருக்க

போன செவ்வாய்க்கிழமை காலைல பத்தே கால் இருக்கும், க்ளையண்டுக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்ல தலைய விட்டுட்டு இருக்கேன், பக்கத்து தெரு அத்தை போன் பண்ணி "ஏம்மா, எங்களுக்கு சிலிண்டர் வருதாம், நாங்க திருமங்கலத்துல ஒரு விசேஷத்துக்கு கிளம்பிட்டோம், நீ வீட்லதான இருக்க, வாங்கி வச்சிரு"ன்னாங்க. சரின்னுட்டேன். அன்னைக்கே ராத்திரி 9.40க்கு ஆபீஸ்ல எங்க டீம் லீட் மெசேஜ், "வீட்லதானே இருக்கீங்க, ஒரு பத்து நிமிஷம் போன் கால்ல வர முடியுமா". அந்த பத்து நிமிஷம் முடியும்போது மணி பதினொன்னே கால். படுக்கும்போதுதான் உறைச்சுது, ரெண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை. வீட்டாளுங்களும் சரி ஆபீசும் சரி, என் நேரம் காலியா கெடக்குன்னு நினைக்கிறாங்க.

வீட்டுக்காரருக்கு பேங்க் வேலை, காலைல பேக மாட்டிட்டு கிளம்பிடுறாரு, அவருக்கு யாரும் சிலிண்டர் வாங்க போன் பண்றதில்ல.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சப்போ நாங்க வேளச்சேரில இருந்தோம், எனக்கு சிறுசேரி சிப்காட்ல வேலை. 21 நாள்தானேன்னு லேப்டாப்ப தூக்கிட்டு வந்தேன், அப்புறம் ஜூன்ல கைக்குழந்தையோட இ-பாஸ் போட்டு மதுரைக்கு வந்தவதான், இன்னும் வீட்லருந்தேதான் வேலை. கம்பெனி பஸ்ல போக ஒன்னே கால் மணி நேரம், வர ஒன்னரை, அத திட்டாத நாளே கிடையாது அப்போ. ஆனா சாயங்காலம் ஆறே காலுக்கு பஸ் எடுத்துருவாங்க, விட்டா அடுத்தது எட்டு மணிக்குதான், அதனால லீட் கூட "பஸ்ஸுக்கு டைமாச்சு, நீ கிளம்பும்மா"ன்னுருவாரு. பஸ்னு ஒரு காரணம் இருந்துச்சு. இப்போ லேப்டாப்ப மூடிட்டு எந்திரிக்கணும்னா சொல்றதுக்கு அப்படி ஒரு காரணம் கைல இல்ல.

எங்க க்ளையண்ட் நியூஜெர்சி. அவங்க கூட கால் அங்க காலைல ஒம்பது மணிக்கு, அது கோடைல நமக்கு சாயங்காலம் ஆறரை, நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வச்சிட்டா ஏழரை ஆயிரும், மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் இப்படித்தான். எங்கயோ ஒரு ஊர்ல கடிகாரத்த திருப்புறாங்க, இங்க என் பொண்ணு சாப்பிடுற நேரம் போயிருது. ஏழரைலருந்து எட்டரைக்குள்ளதான் அவ சாப்பிட்டுக்கிட்டே ஸ்கூல் கத எல்லாம் சொல்லுவா, ஒன்னாவது படிக்கிறா, அதுக்கப்புறம் தூங்கிருவா.

போன மாசம் ஒரு வாரம் முழுக்க நோட்ல எழுதி வச்சு கூட்டி பாத்தேன், 57 மணி நேரம் வந்துச்சு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்குறவங்களுக்கு, 35-40 மணி நேரம் பாக்குறவங்கள விட பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-லயே சொல்லிருக்காங்க. என் கூட வேலை பாக்குற ஒவ்வொருத்தரும் இப்படி ஒரு வாரம் எழுதி பாக்கணும்.

அதுக்காக திரும்ப ஆபீசுக்கே போயிரலாம்னு என்னால சொல்ல முடியல. 2022-ல அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்தாங்க, பத்து மாசம்தான் இருந்தாங்க. அந்த பத்து மாசமும் அவங்க கட்டிலுக்கு பக்கத்துலயே டேபிள் போட்டு உக்காந்துதான் வேலை பாத்தேன், சிறுசேரில இருந்திருந்தா அது கிடைச்சிருக்காது, அது எனக்கு பெரிய விஷயம். ஆனா எந்நேரமும் காதுல ஹெட்செட். அப்பாவுக்கு பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு, நான் கால்ல இருப்பேன்னு அவங்களா ஒரு சைகை பழகிக்கிட்டாங்க. கட்டை விரல வாய்கிட்ட கொண்டு போனா தண்ணி. மெத்தைல ரெண்டு தட்டு தட்டினா திருப்பி படுக்க வைக்கணும். காதுல கைய வச்சு புருவத்த தூக்கினா "கால்ல இருக்கியா"ன்னு அர்த்தம், நான் ஆமான்னு தலையாட்டினா அப்படியே கண்ண மூடிக்குவாங்க. என்ன கேக்க வந்தாங்கன்னே தெரியாம எத்தனையோ தடவை போயிருக்கு, இப்போ நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது.

வேலை நேரம் முடிஞ்சப்புறம் ஆபீஸ் மெசேஜ பாக்காம இருக்குறது தொழிலாளியோட உரிமைன்னு பிரான்ஸ்ல 2017-லருந்து சட்டம் இருக்கு, ஆஸ்திரேலியால 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. போர்ச்சுகல் 2021-ல இன்னும் ஒரு படி மேல போய், வேலை நேரம் தாண்டி ஆள தொந்தரவு பண்ணக்கூடாதுங்குற பொறுப்ப முதலாளி தலைலயே வச்சிருச்சு, எனக்கு அதுதான் சரின்னு படுது, ஏன்னா மெசேஜ் வந்தப்புறம் அத பாக்காம இருக்குற தைரியம், நம்ம வேலைக்கு மார்க் போடுற அப்ரைசல் நேரத்துல எத்தனை பேருக்கு வரும் சொல்லுங்க. இங்க எம்.பி. சுப்ரியா சூலே 2018-ல இதுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டமாகல.

சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு இந்த நவம்பர்ல லீட்கிட்ட நேராவே கேட்டுட்டேன், ஏழரைலருந்து எட்டரை வரைக்கும் என்னை விட்ருங்க, எட்டரைக்கு மேல வேணா ஒரு கால் வரேன்னு. மேல பேசிட்டு சொல்றேன்னாரு, இன்னும் பதில் வரல. நேத்து பதிலுக்கு காத்திருக்காம ஏழரைக்கு லேப்டாப்ப மூடி பீரோக்குள்ள வச்சுட்டு, தோசைய தட்டுல போட்டுட்டு வந்து பாப்பா பக்கத்துல உக்காந்தேன். அவ என்னை பாத்தா, காதுல கைய வச்சு புருவத்த தூக்கினா. தாத்தாவ பாத்து மூணு வயசுல பழகுனது. இல்லன்னு தலையாட்டினேன். ஹெட்செட் இருக்கான்னு முடிய ஒதுக்கி ரெண்டு காதையும் பாத்துட்டு, அப்புறம்தான் "அம்மா, இன்னைக்கு எங்க மிஸ் என்ன பண்ணாங்க தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா.