பள்ளியில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேலை: நான் சேர்ந்த வழி

பள்ளியில் சைகை மொழிபெயர்ப்பாளராகச் சேர என்ன படித்திருக்க வேண்டும் என்று மதுரைப் பக்கமிருந்து அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் காது கேளாத அண்ணனோ, அக்காவோ, அப்பா அம்மாவோ இருப்பவர்கள். நானும் அப்படித்தான். மேலூர்ப் பக்கம் ஊர். எனக்கு நேர் மூத்த அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான் பேசக் கற்ற வயதிலேயே கையும் கற்றுக்கொண்டது. ரேஷன் கடை, பேங்க், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று அவன் போகிற இடமெல்லாம் கூடப் போனது நான்தான். ஆனால் வேலை என்று வரும்போது இந்த அனுபவத்துக்குத் தாள் கிடையாது. தாள்தான் கேட்பார்கள்.

அந்தத் தாளின் பெயர் டி.ஐ.எஸ்.எல்.ஐ. இந்திய சைகை மொழி மொழிபெயர்ப்பில் 2 ஆண்டு டிப்ளமா. பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. படிப்பு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆன்லைனில் மூன்று மாதத்தில் சைகை கற்றுத் தரும் சான்றிதழ்கள் நிறைய இருக்கின்றன. கற்றுக்கொள்ள நல்லதுதான், வேலைக்கு அவை செல்லாது. மூத்தவர்கள் சிலரிடம் ஏ, பி, சி லெவல் சான்றிதழ் இருக்கும். அது டிப்ளமா வருவதற்கு முந்தைய காலத்துப் படிப்பு. டி.டி.ஐ.எஸ்.எல். என்று இன்னொரு டிப்ளமாவும் உண்டு. அது சைகை மொழியைக் கற்பிக்கப் போகும் காது கேளாதவர்களுக்கானது, நமக்கில்லை.

2015-ல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தில் படிக்கத்தான் எனக்கு ஆசை. வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்ப மனசில்லை. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் இந்தப் படிப்பு உண்டு என்று தெரிந்தது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போய்விடலாம் என்றதும் அம்மா சம்மதித்துவிட்டார்.

வீட்டுச் சைகை தெரிந்தவர்களுக்குப் படிப்பு சுலபம் என்று நினைக்காதீர்கள். அண்ணன் விடுதிப் பள்ளியில் கற்றது அந்த விடுதியின் சைகை. பல சொற்கள் வகுப்பில் வேறு மாதிரி இருந்தன. இலக்கணமாவது தமிழோடு ஓரளவு ஒத்துப்போகும், வினை கடைசியில் வரும். ஆனால் கேள்விச் சொல்லும் கடைசிக்குப் போய்விடும். ‘பஸ் எப்போது வரும்’ என்பதை ‘பஸ் வரும் எப்போது’ என்ற வரிசையில் காட்டி, புருவத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முகம் அசையாமல் கை மட்டும் அசைந்தால் எங்கள் ஆசிரியர் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அவரும் காது கேளாதவர்தான்.

எனக்கு அதிகம் சிரமம் தந்தது எதிர்த்திசை. பேச்சைக் கேட்டுக் கையில் சொல்வது எப்படியோ வந்துவிடும். கையைப் பார்த்து உடனுக்குடன் குரலில் சொல்வதுதான் செய்முறைத் தேர்வில் ஆளைக் கவிழ்க்கும். அடுத்தது நெறிமுறைப் பாடம். குடும்பத்து ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பேங்கில் அண்ணனிடம் கேட்ட கேள்விக்கு, அவனைக் கேட்காமலே நாம் பதில் சொல்லிவிடுவோம். மொழிபெயர்ப்பாளர் அதைச் செய்யக் கூடாது. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் கடத்த வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, இதற்கு 2 வருடம் படிக்க வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தான்.

டிப்ளமா கைக்கு வந்ததோடு முடியவில்லை. ஆர்.சி.ஐ.யின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். விண்ணப்பம் ஆன்லைன்தான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிப்ளமா மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் ஏற்ற வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் சிக்கல் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு எழுதி வாங்கி இணைத்தேன். முடிந்தால் படிப்பில் சேரும்போதே பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பதிவு ஆயுளுக்குமானது அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். புதுப்பிக்க சி.ஆர்.இ. என்னும் தொடர்பயிற்சிக் கருத்தரங்குகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் பள்ளிக்காரர்கள் கேட்டது வேறு. மதுரைக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் காது கேளாத பையன் ஒருவன். பெற்றோர் விடாமல் கேட்டதால் ஆள் தேடினார்கள். தாளாளர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, “ஏம்மா, பி.எட். இல்லையே?” என்றார்.

அவர் நினைத்தது சிறப்பு ஆசிரியரை. அது தனி வேலை. செவித்திறன் குறைபாட்டுப் பிரிவில் சிறப்புக் கல்வி பி.எட். அல்லது டி.எட். படித்தவர், குழந்தைக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தருபவர். 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கும் அவர்களுக்குத்தான்: தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் மாணவர் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். நான் பாடம் நடத்த வரவில்லை சார், உங்கள் இயற்பியல் ஆசிரியர் நடத்துவதை அதே நேரத்தில் அந்தப் பையனுக்குக் கையில் தருவேன், அவன் கேட்கும் சந்தேகத்தை அவருக்குக் குரலில் தருவேன் என்று விளக்கினேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, சைகை மொழித் தகுதி பெற்ற ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. பள்ளியில் நிற்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இன்ன தகுதி என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பள்ளியும் தனக்குத் தெரிந்த பட்டத்தைக் கேட்கிறது. என்னைக் கேட்டால், டிப்ளமாவும் சி.ஆர்.ஆர். எண்ணும் கட்டாயம் என்பது சரிதான். பேங்கில் நான் தடுமாறினால் அண்ணனுக்கு ஒரு படிவம்தான் போகும். இங்கே ஒரு பையனுக்கு வருடமே போய்விடும். ஆனால் பி.எட். கேட்பது வேறு வேலைக்கான தகுதியை இதற்கு ஒட்டுவது.

கடைசியில் நியமன உத்தரவில் பதவியை ‘சைகை மொழிபெயர்ப்பாளர்’ என்றே எழுதச் சொன்னேன். என் வேலை என்னென்ன என்பதையும் அதிலேயே சேர்க்க வைத்தேன். ஆசிரியருக்குப் பக்கத்தில், கரும்பலகையும் என் கையும் ஒரே பார்வையில் படும்படி நிற்பேன். பாடக் குறிப்பு முதல் நாளே எனக்கு வர வேண்டும். ‘உந்தம்’ போன்ற சொல் வந்தால், 10,000 சொல் கொண்ட அகராதியை வைத்துச் செய்த சைன் லேர்ன் செயலியில் தேடுவேன். அதில் அகப்படாவிட்டால் விரலால் எழுத்துக்கூட்டிவிட்டு, நானும் பையனும் ஒரு சைகையை ஒப்புக்கொள்வோம். அதற்கு நேரம் வேண்டுமே. தேர்வறையில் கேள்வித்தாளையும் அறிவிப்பையும் மட்டும் கையில் சொல்வேன், விடைக்கு ஜாடை காட்ட மாட்டேன்.

உத்தரவில் இவை இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆசிரியர் ஒருவர் லீவ் போட்ட அன்று, அவர் வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தாளை எடுத்துக் காட்டினேன், அப்புறம் கேட்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. இந்த வேலையில் இருவர் இருந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதுதான் முறை. நான் ஒருத்தியே காலை பீரியடுகள் முழுக்க நிற்கிறேன். மதியத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகிறது, கவனமும் சிதறுகிறது. இன்னொரு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூனில் பார்க்கலாம் என்கிறார்கள். டிப்ளமா முடித்து சி.ஆர்.ஆர். எண்ணோடு மதுரையில் யாராவது இருந்தால் அதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.