கோல்டு கார்டு போனாலும் லக்கேஜும் லவுஞ்சும் போக வேண்டியதில்லை: மதுரைப் பயணிகளுக்கு

"உங்கள் கோல்டு தகுதி இந்த மாதக் கடைசியில் முடிகிறது" என்று விமான நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தால், முக்கால்வாசிப் பேர் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். சிலர் குறைகிற பாயிண்ட்டுக்காக வேண்டாத பயணத்துக்கு டிக்கெட் போடுகிறார்கள். இரண்டிலும் கைக்காசு போகும். அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் கோல்டு தகுதி என்பது நாலைந்து சலுகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு. கூடுதல் லக்கேஜ், லவுஞ்ச் (ஏர்போர்ட்டில் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் தனி அறை), தனி வரிசை, நல்ல சீட்டு. மதுரையிலிருந்து புறப்படுகிறவருக்கு இவற்றில் உண்மையாகவே பயன்படுவது லக்கேஜும், மாறி ஏறும் ஊரில் கிடைக்கும் லவுஞ்சும்தான். நம் ஏர்போர்ட் சிறியது, தனி வரிசையால் இங்கே மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான். ஆகவே எந்தச் சலுகை வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதை மட்டும் காப்பாற்றினால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தகுதி நிஜமாகவே போகிறதா என்று பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பாயிண்ட் குறைவதற்குக் காரணம் குறைவாகப் பறந்தது இல்லை, பறந்தது கணக்கில் ஏறாததுதான். அதற்குப் பெரிய காரணம் பெயர். பாஸ்போர்ட்டில் இயற்பெயர் கார்த்திகேயன், குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் சுந்தரபாண்டியன் என்று இருக்கும். மைல்ஸ் கணக்கை, அதாவது பறந்ததற்குப் பாயிண்ட் சேரும் உறுப்பினர் கணக்கை, எப்போதோ "எஸ். கார்த்திகேயன்" என்று இனிஷியல் போட்டுத் திறந்திருப்பார். டிக்கெட்டில் சுந்தரபாண்டியன், ஒரு சாய்கோடு, கார்த்திகேயன் என்று வரும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். உறுப்பினர் எண் சரியாக இருந்தாலும் மைல்ஸ் ஏறாது. பெயரின் வாலில் மிஸ்டர் என்பதன் இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதனால் கெடுதல் இல்லை. கெடுப்பது இனிஷியலும், முன்பின்னாக மாறிய பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். ஒவ்வொரு நிறுவனமும் அந்தக் காலியிடத்தை ஒவ்வொரு விதமாக நிரப்பும். பாஸ்போர்ட் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பி, கணக்கில் உள்ள பெயரை அதன்படி மாற்றச் சொல்லுங்கள். இதைச் செய்துவிட்டுத்தான் விட்டுப்போன மைல்ஸைக் கேட்க வேண்டும். வரிசை மாறினால் கோரிக்கை அப்படியே திரும்பி வரும்.

விட்டுப்போன மைல்ஸைக் கேட்க 13 இலக்க டிக்கெட் எண் வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: ஏர் இந்தியா 098, ஸ்ரீலங்கன் 603, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, கத்தார் 157, எமிரேட்ஸ் 176. ஏஜென்ட் கொடுக்கும் தாளில் சில சமயம் இரண்டு பி.என்.ஆர் இருக்கும். ஒன்று ஏஜென்ட்டின் சிஸ்டத்துக்கு உரியது, இன்னொன்று விமான நிறுவனத்துடையது. நிறுவனத்தின் இணையதளத்தில் இரண்டாவதுதான் வேலை செய்யும். போர்டிங் பாஸையும் மைல்ஸ் ஏறும்வரை கிழிக்காதீர்கள். செல்போனில் வந்ததென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பயணம் முடிந்ததும் ஆப்பிலிருந்து மறைந்துவிடும். பழைய பயணங்களைக் கேட்கக் கெடு உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் அது ஆறு மாதம். நம் ஏஜென்ட்டுகள் டிக்கெட் போடும்போது உறுப்பினர் எண்ணை அநேகமாகச் சேர்ப்பதில்லை. "அண்ணே, மைல்ஸ் நம்பரைச் சேர்த்துருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அல்லது நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு கசிவு, கட்டண வகுப்பு. எகானமிக்குள்ளேயே பல எழுத்து வகுப்புகள் உண்டு. மலிவான எழுத்துக்குத் தகுதிப் பாயிண்ட் பாதிகூட வராது, சிலதுக்குச் சுத்தமாக வராது. இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் குறைகிறதென்றால், எவ்வளவு குறைகிறது, நீட்டிக்க எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். புதிதாக ஏறுவதற்கு உள்ள அளவும் தக்கவைப்பதற்கு உள்ள அளவும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. கத்தாரின் மைல்ஸ் திட்டமான பிரிவிலேஜ் கிளப்பில் கோல்டுக்கு ஏற 300 கியூபாயிண்ட் (அவர்களின் தகுதிப் பாயிண்ட்), தக்கவைக்க 270 போதும். கிரிஸ்ஃப்ளையரில் எலீட் கோல்டுக்கு ஏறவும் தங்கவும் 50,000 எலீட் மைல்ஸ் (இவர்களின் தகுதிப் பாயிண்ட்). 25,000 இருந்தால் எலீட் சில்வராவது மிஞ்சும். ஆனால் சில்வரால் லவுஞ்ச் கிடைக்காது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் கோல்டுக்குத்தான் லவுஞ்ச். அதனால் வெறும் சில்வரைப் பிடித்து வைப்பதற்காக ஒரு டிக்கெட் வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

வேலை மாறியோ குழந்தை பிறந்தோ பறப்பது குறைந்தவர்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், குவாண்டாஸில் குழந்தை பிறந்தால் தகுதியை நிறுத்தி வைக்க முறையான ஏற்பாடே உண்டு. மற்ற இடங்களில் எழுத்தில் விதி இல்லாவிட்டாலும், மருத்துவச் சான்றோடு கேட்டால் பரிசீலிப்பது உண்டு. கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

வேறு நிறுவனத்தில் அதே தகுதியைக் கேட்டு வாங்கும் ஸ்டேட்டஸ் மேட்சுக்கும் இதே கணக்கு. கையில் உள்ள கார்டு உயிரோடு இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. முடிந்து ஒரு நாள் ஆனாலும் பெரும்பாலான இடங்களில் ஏற்கமாட்டார்கள். ஆகவே முடிவதற்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். கேட்பது அநேகமாக இவைதான்: கார்டின் படம், பெயரும் எண்ணும் முடியும் தேதியும் ஒரே திரையில் தெரிகிற ஸ்கிரீன்ஷாட், கடந்த 12 மாதப் பயணக் கணக்கு. கடைசியாகச் சொன்னது எதற்கென்றால், உங்கள் கோல்டு பறந்து சம்பாதித்ததா, இன்னொரு இடத்தில் மேட்ச் செய்து வாங்கியதா என்று பார்ப்பதற்கு. மேட்ச் செய்து வாங்கியதை மறுபடி மேட்ச் செய்யப் பெரும்பாலும் விடமாட்டார்கள். பல நிறுவனங்கள் ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் தரும். எனவே அடுத்த ஓராண்டில் அந்த நிறுவனத்தில் பறக்க நிஜமாகவே வாய்ப்பு இருந்தால் மட்டும் கேளுங்கள். சும்மா கிடைக்கிறதே என்று வாங்கி, பறக்காமல் அது முடிந்துபோனால், தேவைப்படும் வருடத்தில் மறுபடி கேட்க வழி இருக்காது.

மதுரைக்கு எந்தக் கூட்டணி ஒத்துவரும் என்று கேட்டால், இங்கிருந்து கொழும்பு போகும் ஸ்ரீலங்கன் 2014 முதல் ஒன்வேர்ல்டு என்ற கூட்டணியின் உறுப்பினர். ஸ்ரீலங்கனும் அதே கூட்டணியில் உள்ள கத்தாரும் கோல்டு என்று சொன்னால் கூட்டணி அதைச் சஃபையர் என்று எடுத்துக்கொள்ளும். எடைக் கணக்கில் லக்கேஜ் தரும் பாதைகளில் சஃபையருக்கு 15 கிலோ கூடுதல், அதற்கு மேல்படியான எமரால்டுக்கு 20 கிலோ. ஸ்ரீலங்கனில் பறந்துவிட்டு மைல்ஸைக் கத்தார் கணக்கில் சேர்க்கலாம். சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ தோஹா வழியாகவும் போகிறவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் குவித்தால் தகுதி நிற்கும். இரண்டு கணக்கில் பிரித்துப் போட்டால் இரண்டிலும் நிற்காது. ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. ஆனால் மதுரையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அந்தக் கூட்டணியில் இல்லை. திருச்சியிலிருந்து போகும் ஸ்கூட்டும் இல்லை. கவுண்டரில் ஸ்டார் கோல்டு கார்டை நீட்டிவிட்டு, அதற்கு உரிய கூடுதல் 20 கிலோவைக் கேட்டு வாக்குவாதம் செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் சேராதது. இண்டிகோவும் அப்படித்தான்.

இப்போது லக்கேஜ். சென்னை போய் வெளிநாட்டு விமானம் ஏறுகிறவர், மதுரை–சென்னைக்குத் தனி டிக்கெட் வாங்கினால் அந்தப் பகுதிக்கு உள்நாட்டு அளவான 15 கிலோதான் சாதாரணமாகக் கிடைக்கும். வெளிநாட்டு டிக்கெட்டில் 30 கிலோவும் ஸ்டார் கோல்டுக்கு 20 கிலோவும் இருந்தாலும், கூட்டணியில் சேராத நிறுவனத்தில் இங்கே செல்லாது. கார்டு இருந்த காலத்திலேயே இந்த இடத்தில்தான் பலர் பணம் கட்டினார்கள். ஒரே டிக்கெட்டாகப் போட்டால் முழுப் பயணத்துக்கும் ஒரே லக்கேஜ் விதி வரும். அது கிடைக்காதபோது, ரயில் நல்ல வழி. பாண்டியன் எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் போனால் எதிரே ஏர்போர்ட். இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் இருந்தால் தாம்பரத்திலிருந்து கார் எடுத்துவிடுங்கள், திரிசூலத்தில் படியேறி இறங்க வேண்டியிருக்கும்.

கார்டு போன பிறகு கூடுதல் எடையை எப்போதும் முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். கவுண்டரில் கிலோக் கணக்கில் வாங்குவதைவிட, முன்பே 5 கிலோ, 10 கிலோ என்று கட்டாக வாங்குவது அநேகமாக எல்லா நிறுவனத்திலும் மலிவு. புறப்படச் சில மணி நேரம் முன்பு அந்த விற்பனை மூடிவிடும். ஆகவே முந்தைய நாள் இரவு பெட்டியைத் தூக்குத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, அப்போதே வாங்கிவிடுவது நல்லது. பெட்டியின் சொந்த எடையையும் பாருங்கள். பழைய கெட்டிப் பெட்டி ஒன்று ஐந்து கிலோவை அதுவே தின்றுவிடும்.

சீட்டைப் பொறுத்தவரை, தகுதி இருக்கும்போதே அடுத்த பயணங்களுக்கு டிக்கெட் போட்டு இலவசமாகச் சீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால், தகுதி போன பிறகும் அந்தச் சீட்டு பெரும்பாலும் அப்படியே நிற்கும். விமானமோ நேரமோ மாறினால் சிஸ்டம் சீட்டைக் கலைத்துவிடும். அப்போது கேட்பதற்கு, சீட்டு எண் போட்டு வந்த உறுதி மெயிலை வைத்திருங்கள். லவுஞ்சுக்கு இந்த வழி செல்லாது, பறக்கும் நாளில் தகுதி இருக்க வேண்டும். தகுதி கைவிட்டுப் போய்த் திரும்பக் கிடைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய டிக்கெட்டில் பழைய தகுதியே ஒட்டிக்கொண்டிருக்கும். உறுப்பினர் எண்ணை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் புதியது வரும்.

லவுஞ்சுக்கு எளிய வழி வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஸ்டார் கோல்டும் ஒன்வேர்ல்டு சஃபையரும் ஒரு விருந்தினரை உடன் அழைத்துப் போகலாம். ஸ்டாரில் அவர் அதே விமானத்தில் பறக்க வேண்டும், ஒன்வேர்ல்டில் கூட்டணி விமானம் எதிலாவது பறக்க வேண்டும். மகனுக்கோ மருமகளுக்கோ கோல்டு இருந்தால், எல்லோருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போடுங்கள். கவுண்டரில் அவரோடு சேர்ந்து தனி வரிசையில் நிற்கவும் பெரும்பாலும் விடுவார்கள். பெற்றோருக்கு மட்டும் தனியாக மலிவு டிக்கெட் பார்த்து வேறு விமானத்தில் அனுப்பினால் இது கிடைக்காது.

அடுத்தது கிரெடிட் கார்டு. இப்போது பல வங்கிகள் முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவழித்தால்தான் லவுஞ்சைத் திறக்கின்றன. தீபாவளிக்கு ஊர் வருகிறவர் ஜூலை–செப்டம்பர் செலவைப் பார்க்க வேண்டும். லவுஞ்ச் வாசலில் கார்டைத் தேய்த்து இரண்டு ரூபாய் போலச் சிறு தொகை எடுப்பார்கள். வங்கி ஆப்பில் கடை மெஷின் பயன்பாட்டை நீங்கள் அணைத்து வைத்திருந்தால் அது தோற்றுப்போகும், உள்ளே விடமாட்டார்கள். வெளிநாட்டு லவுஞ்சுக்கு, வங்கி கார்டோடு தரும் பிரயாரிட்டி பாஸ் போன்ற லவுஞ்ச் அட்டை வேண்டும். இலவச எண்ணிக்கை தாண்டினால் பிரயாரிட்டி பாஸின் சாதாரணக் கட்டணம் ஒருவருக்கு ஒரு முறைக்கு 35 அமெரிக்க டாலர். கொழும்பில் இரண்டு மணி நேரம் காத்திருக்க அது கொடுக்கத் தகாது. ஆறு மணி நேரம் என்றால் யோசிக்கலாம்.

தனி வரிசை போனதற்கு அரசே நல்ல மாற்றுத் தந்திருக்கிறது, இலவசமாக. உள்நாட்டுப் பயணத்துக்குச் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில், முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜியாத்ரா. வெளிநாட்டுப் பயணத்துக்கு, தானியங்கி வாயிலில் குடியேற்றச் சோதனையை முடிக்கும் குடியேற்றப் பிரிவின் நம்பகப் பயணி திட்டம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் கொச்சிக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. அந்தப் பட்டியலில் மதுரை இல்லை. இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ அட்டைக்காரர்களும் உள்துறை அமைச்சகத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். ஒப்புதல் வந்ததும் கைரேகையும் முகமும் பதிய வேண்டும். ஐந்து வருடமோ, பாஸ்போர்ட் முடியும்வரையோ, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட் முடிய ஒரு வருடம்தான் இருக்கிறதென்றால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தகுதி போனாலும், டிக்கெட் வாங்கச் செலவழிக்கச் சேர்த்த மைல்ஸ் உங்களுடையதுதான். ஆனால் அதற்கும் தனிக் காலாவதி ஓடுகிறது. கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம். கத்தாரின் மைல்ஸான ஏவியோஸ் 36 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் போகும், நடுவில் கொஞ்சம் சேர்த்தாலோ செலவழித்தாலோ மறுபடி 36 மாதம். இரண்டும் வைத்திருப்பவர் முதலில் கிரிஸ்ஃப்ளையரைச் செலவழிக்க வேண்டும்.