ஓட்டுக் கூரையில் ஒரு துளை

கோத்தகிரியில் நாங்கள் இருப்பது ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் சமையலறையும் மட்டுமே கொண்ட சின்ன ஓட்டு வீடு. டிசம்பர், ஜனவரி இரவுகளின் குளிருக்கு அம்மா பல ஆண்டுகளாகச் செய்துவந்த ஏற்பாடு, கனிந்த கரியை இரும்புச் சட்டியில் அள்ளிவந்து கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுதான். கரி புகையாது என்பதால்தான் அதை நம்பினோம். ஆபத்தும் அதில்தான் இருந்தது. அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலைக்கு வந்தவர்கள் அறைக்குள் கரி அடுப்பை வைத்து உறங்கி, விடிந்தபோது எழாமலே போன செய்திகளை நாங்களே படித்திருக்கிறோம். "ஓட்டு இடுக்குல காத்து வருதே, ஒண்ணும் ஆகாது" என்று அம்மா சொல்லிவந்த சமாதானம் எனக்குப் போதவில்லை. புகைபோக்கியும் கதவும் வைத்த விறகுக் கணப்பு ஒன்றைக் கூடத்தில் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

"பெரிசாவே பண்ணிடலாம் தம்பி, குளிருக்கு அதுதான் நல்லது" என்றார் வெல்டிங் பட்டறைக்காரர். நான் மறுத்தேன். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி கூடம், சராசரி உயரம் ஒன்பது அடி என்றால் ஏறக்குறைய 43 கனமீட்டர். 14 கனமீட்டருக்கு 1 கிலோவாட் வெப்பம் என்ற பொதுவான கணக்கின்படி 3 கிலோவாட் போதும், ஓட்டின் வழியே கசியும் சூட்டுக்கு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சின்ன அறையில் பெரிய கணப்பை வைத்தால் வெக்கை தாங்காமல் காற்றுத் திறப்பை மூடிவிடுவோம். காற்றுக் குறைந்த விறகு எரியாமல் கனன்று புகைய, அந்தப் புகை குளிர்ந்த குழாயின் உட்புறத்தில் தாராகப் படிந்து, என்றாவது ஒருநாள் அந்தத் தாரே குழாய்க்குள் தீப்பிடிக்கும். இரண்டு அடி உயரத்தில், உள்ளே தீச்செங்கல் அடுக்கிய இரும்புப் பெட்டியாக அவர் செய்துகொடுத்தார். செங்கல் சுவரிலிருந்து ஓர் அடியும், கட்டில், திரைச்சீலை போன்றவற்றிலிருந்து மூன்று அடியும் தள்ளி அதை வைத்ததில் கூடத்தில் ஒரு நாற்காலிக்கான இடம் போயிற்று. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

உண்மையான வேலை கூரையில்தான் இருந்தது. ஒற்றைத் தகட்டுக் குழாய் மரத்திலிருந்து ஒன்றரை அடியாவது விலகி இருக்க வேண்டும். எங்கள் கைமரங்களுக்கு இடையே இருந்ததோ சரியாக இரண்டடி. ஆகவே கூரையைக் கடக்கும் பகுதிக்கு மட்டும் ஆறு அங்குலக் குழாயைப் பத்து அங்குலக் குழாய்க்குள் நிறுத்தி, இடைவெளியில் தீப்பிடிக்காத கற்கம்பளியான ராக்வுல் அடைத்து, இருபுறமும் ஏழு அங்குலம் கிடைக்கும்படி நடுவில் ஏற்றினோம். குறுக்கே வந்த ரீப்பர்களை அறுத்து, கைமரங்களிலேயே முட்டுக் கொடுத்தார் தச்சர். மங்களூர் ஓடுகளைப் பிரித்த இடத்தில் விரித்த ஈயத் தகட்டின் மேல்விளிம்பு மேல்வரிசை ஓட்டுக்கு அடியிலும், கீழ்விளிம்பு கீழ்வரிசை ஓட்டுக்கு மேலேயும் வர வேண்டும். மாற்றி வைத்தால் மழை நேராகக் கூடத்துக்குள் இறங்கிவிடும்.

முதல் நாள் மாலை நெருப்பு மூட்டியபோது கால் மணி நேரம் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு காற்று வீசத் தொடங்கியதும் கதவின் இடுக்கிலிருந்து புகை குபுகுபுவென்று அறைக்குள் வந்தது. ஓட்டுக்கு மேல் குழாய் மூன்றடி நின்றது உண்மைதான். ஆனால் ஆறடி தள்ளியிருந்த கூரை முகடு அதைவிட அரையடி உயரமாக இருந்தது. முகட்டைத் தாண்டிவரும் காற்று கீழ்நோக்கிச் சுழன்று குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. பத்தடித் தொலைவுக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட இரண்டடி உயரத்தில் குழாயின் வாய் இருக்க வேண்டும் என்பதை நான் படித்திருந்தும் அளந்து பார்க்கவில்லை. மேலும் இரண்டரை அடி ஏற்றி, காற்றில் ஆடாதிருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம்.

அடுத்த வாரம் இணைப்பிலிருந்து கறுப்பாக, கீல் வாடையுடன் ஒரு திரவம் வழிந்து வெள்ளைச் சுவரில் கோடு போட்டது. புகை மேலே போவதால் கீழ்க்குழாயின் வாய் மேல்குழாய்க்குள் நுழைய வேண்டும் என்று நினைத்துப் பட்டறைக்காரர் பொருத்தியிருந்தார். கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் குழாய்க்குள் புகை மேலே போகும்போதே நீரும் தாரும் கீழே வழிகின்றன. மேல்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருந்தால்தான் வழிவது உள்ளேயே வழிந்து கணப்பில் விழுந்து எரிந்துபோகும். கழற்றித் திருப்பி மாட்டினோம். சுவரில் கோடு மட்டும் சுண்ணாம்பை மீறி இன்னும் தெரிகிறது.

அந்தத் தாருக்கு ஈர விறகும் காரணம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் கணப்புக்கு ஆகும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதால், குளிர் தொடங்கும் நேரத்தில் வாங்கும் விறகு நிச்சயமாக நனைந்தே வரும். இப்போது சீகை (வாட்டில்) விறகையும் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகையும் பிப்ரவரியிலேயே வாங்கி, பிளந்து, தாழ்வாரத்தில் தரைபடாமல் அடுக்கி வைக்கிறேன். இரண்டுமே ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, பெரும்பாலும் விறகுக்காகவே நடப்பட்டவை. காய்ந்த துண்டின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்கும். மணிக்கு ஒன்றரைக் கிலோ அளவில் சிறு துண்டுகளாகப் போட்டு, காற்றைத் திறந்துவைத்துச் சுறுசுறுப்பாக எரியவிட்டால் கண்ணாடிக் கதவு கறுப்பதில்லை.

படுக்கையறைச் சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறேன். அம்மாவின் பழைய கரிச் சட்டியில் இப்போது சாம்பல் அள்ளுகிறோம். உள்ளே கங்கு ஒளிந்திருக்கும் என்பதால் ஒருநாள் முழுவதும் அதை முற்றத்துக் கல்லில் ஆறவைத்து, பிறகுதான் மேரக்காய்ப் பந்தலின் அடியில் கொட்டுகிறார் அம்மா.