புளியங்கொட்டைக் கணக்கு

2025 மே 3, சனி

புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அண்ணாவின் மகன், போக்கர் என்னும் சீட்டாட்டத்தை எங்களுக்குக் கற்றுத் தந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. திருகோணமலையில் கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமையும், முழுநிலா விடுமுறையான போயா நாளும் ஐவர் கூடுகிறோம்: அண்ணா, மச்சாள், மருமகன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா, நான். காசு வைக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. "தருமர் நாட்டையே வைத்துத் தோற்றவர், நீங்கள் எந்த மூலைக்கு?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். ஒரு போயாவிலிருந்து அடுத்த போயா வரைக்கும் ஆளுக்கு 300 கொட்டைகள். அவை தீர்ந்தவருக்கு அடுத்த போயா வரை ஆட்டத்தில் இடமில்லை, தேநீர் ஊற்றிக் கொடுக்கலாம்.

கொட்டைக்கு என்ன விலை என்று எண்ணியிருந்தேன். இன்றிரவு என் கிண்ணத்தில் மிஞ்சியிருப்பவை 41. வெசாக் போயாவுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. மருந்தகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு மாத்திரைக்கும் கணக்கு வைத்திருக்கும் நான், இந்த 259 கொட்டைகளும் எந்த ஆட்டங்களில் போயின என்பதைச் சொல்ல முடியாமல் இருக்கிறேன் என்பதுதான் நித்திரையைக் கெடுக்கிறது. அதனால் இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன்.

மே 10, சனி

41 கொட்டைகளும் அரை மணி நேரத்தில் தீர்ந்தன. மீதி இரவு முழுவதும் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு மருமகனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் பெற்ற 40 கைகளில் ஒன்பதில் மட்டுமே கொட்டை வைத்தான். மற்ற 31 கைகளையும் பார்த்த உடனே கவிழ்த்து விலகிவிட்டான். நானோ, வந்த தாள் எதுவானாலும் அடுத்த தாளையும் பார்க்கலாமே என்று ஏறக்குறைய எல்லாக் கையிலும் இறங்கியிருந்தேன்.

ஆட்டம் முடிந்த பின் அவனிடம் கேட்டபோது கணக்கை விளக்கினான். ஒருவருக்கு முதலில் கிடைப்பவை இரண்டு தாள்கள்; 52 தாளில் அவை சேர்ந்து வரக்கூடிய வழிகள் 1326. ஆஸ் சோடி வருவது அவற்றில் ஆறு வழிகளில் மட்டும், அதாவது 221 கைக்கு ஒரு தடவை. ஏதோ ஒரு சோடி கையில் வருவதே 17 கைக்கு ஒரு தடவைதான். "மாமி, இந்த ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் செய்ய வேண்டிய வேலை காத்திருப்பதுதான்" என்றான். சொன்னவன் இருபத்திரண்டு வயதுப் பையன் என்பதால் எனக்கு முதலில் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மே 24, சனி

நான் ஏன் கையை விடத் தயங்குகிறேன் என்பதற்குக் காரணம் இன்று பிடிபட்டது. நாங்கள் எல்லோரும் 304 என்னும் சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். அந்த ஆட்டத்தில் யாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஒரு சின்னத்துக்கு 76 புள்ளிகள். நான்கு சின்னத்துக்கும் சேர்த்து 304. யாக்கும் ஒன்பதும் கையில் வந்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு விரிகிறது. போக்கரில் யாக்கு ராணிக்குக் கீழே, ஒன்பது அதற்கும் கீழே. இதை நான் முதல் நாளே அறிந்துகொண்டேன். விரல்கள் மட்டும் இன்னும் அறியவில்லை. சென்ற மாதம் யாக்கு-ஒன்பது என்ற ஒரே சேர்க்கையில் மட்டும் எத்தனை கொட்டைகளைக் கொடுத்திருப்பேனோ!

ஆனால் தாளின் மதிப்பைவிட ஆழமான பழக்கம் ஒன்றும் இருக்கிறது. 304 இல் நான்கு தாள்களைப் பார்த்து, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அடுத்த நான்கு தாள்களும் வருகின்றன. கேட்டவர் அதன் பின் விலக முடியாது. எதிரே கூட்டாளி ஒருவர் நம்மை நம்பி இருக்கிறார், எட்டுத் தாளையும் போட்டு முடித்தே ஆக வேண்டும். பெரியப்பா எனக்கு ஏழு வயதில் சொல்லித் தந்த முதல் பாடமே கூட்டாளியைக் கைவிடாதே என்பதுதான். போக்கரில் கூட்டாளி இல்லை. அங்கே கையில் இரண்டு தாள்கள், பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று தவணையாக அறிவு வருகிறது. ஒவ்வொரு தவணையிலும் வாசல் திறந்தே இருக்கிறது. விலகுவதும் ஆட்டத்தின் ஒரு நகர்வு என்பதை ஏற்க எனக்கு ஒரு மாதம் தேவைப்பட்டது. இன்று 36 கைகளில் 25 கைகளை முதல் தவணையிலேயே விட்டேன். கிண்ணத்தில் 288.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

புதிய மாதம், புதிய 300. சென்ற மாதம் 214 உடன் முடித்தேன். தேநீர் ஊற்றும் நிலை வரவில்லை.

இன்றிலிருந்து கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு பெரிய கைக்கும் இரண்டு நிரல்கள் எழுதுகிறேன். முதலாவதில் நான் எடுத்த முடிவு சரியா பிழையா என்பது; இரண்டாவதில் எத்தனை கொட்டைகள் வந்தன அல்லது போயின என்பது. முதல் நிரலை, எதிராளியின் தாளைப் பார்க்கும் முன் எனக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்தே நிரப்ப வேண்டும்.

ஜூன் 14, சனி

முதல் நிரலில் "பிழை", இரண்டாம் நிரலில் "+85". தேவையில்லாத ஒரு கையில் கடைசி வரை நின்று, கடைசித் தாளில் தப்பினேன். எல்லோரும் பாராட்டினார்கள். எழுதும்போது கை கூசியது.

ஜூன் 28, சனி

கச்சான் காற்று மாலையிலிருந்தே விறாந்தையில் தாளை நிற்க விடவில்லை. உள்ளறையில் பாய் விரித்து ஆடினோம். இன்றைய ஒரு கையை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

என் கையில் ஆட்டின் (இதயச் சின்னம்) ராசாவும் ஆட்டின் எட்டும். நடுவில் விழுந்த நான்கு தாள்களில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் ஒரே சின்னத்தில் ஐந்து தாள்கள், ஏறக்குறைய நிச்சயமான வெற்றி. குவியலில் 60 கொட்டைகள் இருந்தன. பெரியப்பா 30 வைத்தார். நான் 30 கொடுத்தால் குவியல் 120 ஆகும். அதில் கால் பங்கு என்னுடைய செலவு, ஆகவே நான்கில் ஒரு தடவையாவது வெல்லும் வாய்ப்பு எனக்கு இருக்க வேண்டும். நான் பார்த்திராத தாள்கள் 46, அவற்றில் ஆட்டின் ஒன்பது. நூற்றுக்கு இருபதும் இல்லை. ஆட்டின் விழுந்த பின் பெரியப்பாவிடமிருந்து மேலும் பெறலாம் என்றால் கணக்கு மாறியிருக்கும். அவர் கிண்ணத்திலோ பத்துக் கொட்டைகள்தான் மிஞ்சியிருந்தன. அந்தப் பத்தையும் சேர்த்தாலும் நூற்றுக்கு 23 தேவை. கவிழ்த்தேன்.

ஐந்தாவது தாளாக ஆட்டின் மூன்று விழுந்தது.

பெரியப்பாவிடம் இருந்தது வெறும் பத்துச் சோடி என்பதை அவரே காட்டினார். மச்சாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதையோ எடுத்துவருவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனார். நின்றிருந்தால் 90 கொட்டைகள் என் பக்கம் வந்திருக்கும் என்ற எண்ணம் அடுத்த ஒரு மணி நேரமும் என்னைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் கொப்பியை எடுத்து முதல் நிரலில் "சரி" என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதுவது எளிதாக இருக்கவில்லை. மருந்தகத்தில், மருத்துவரின் துண்டில் அளவு தெளிவில்லை என்றால் மருந்தைக் கொடுக்காமல் திருப்பி அனுப்பிக் கேட்டுவரச் சொல்கிறோம். கேட்டு வந்த பின் நாம் முதலில் நினைத்த அளவே சரியாக இருந்தது என்று தெரிந்தாலும், திருப்பி அனுப்பியதை யாரும் பிழை என்று சொல்வதில்லை. ஆட்டத்திலும் அப்படியே என்று எழுதிப் படித்துப் பார்த்த பிறகுதான் மனம் அமர்ந்தது.

ஜூலை 12, சனி

ஆஸ் சோடி வந்தது. மூன்று மாதத்தில் இதுவே முதல் தடவை. மச்சாளிடம் ஆறு சோடி. நடுவில் மூன்றாவது ஆறு விழுந்து என் 90 கொட்டைகளையும் கொண்டுபோனது. ஆஸ் சோடி ஒரு சிறு சோடியை எதிர்கொள்ளும்போது ஐந்தில் ஒரு தடவை தோற்கும், அதை நான் அறிவேன். வருத்தம் அதற்காக இல்லை. அதற்கு அடுத்த மூன்று கைகளிலும், மே மாதத்தில் ஆடியதைப் போலவே, வந்த தாளையெல்லாம் பிடித்துக்கொண்டு இன்னும் 70 கொட்டைகளை இழந்தேன். தாள் செய்தது 90, என் சூடு செய்தது 70.

இனி ஒரு பெரிய கை போனால் எழுந்து படலை வரை போய், ஐந்து கைகள் முடியும் வரை வெளியில் நிற்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இன்றிரவே போய் நின்றேன். கோட்டையிலிருந்து வந்த மூன்று புள்ளிமான்கள், அம்மா எறிந்த வாழைப்பழத் தோலுக்காக வீதி ஓரத்தில் நின்றன. ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அவை தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் தின்றன. உள்ளே போனபோது என் கை சூடு தணிந்திருந்தது.

ஜூலை 26, சனி

கொப்பியை முழுவதுமாகப் புரட்டிப் பார்த்தேன். ஜூன் முதல் "பிழை" குறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிழைகளின் இனம் மாறியிருக்கிறது. மே மாதத்தில் விடவேண்டிய கையைப் பிடித்திருந்தேன்; இப்போது கூட்டவேண்டிய கையில் கூட்டாமல் இருக்கிறேன். நல்ல தாள் இருந்தும் மற்றவர் வைத்ததற்குச் சமன் மட்டும் வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் இருந்த கைகள் பதினான்கு. ஒழுக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பயம். விடுவதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. கூட்டுவதற்கும் அதே கணக்குத்தானே, அதை மட்டும் ஏன் நம்பாமல் இருக்கிறேன்?

மருமகன், 2003 ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரைப் பற்றிச் சொன்னான். கிறிஸ் மணிமேக்கர் என்னும் அமெரிக்கக் கணக்காளர், தொழில்முறை ஆட்டக்காரராக இல்லாதவர், 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் வென்று 25 இலட்சம் டொலர் பெற்றார். இறுதியில் எதிரே இருந்தவர் சமி ஃபார்ஹா என்ற அனுபவசாலி. ஒரு கையில் மணிமேக்கர் காத்திருந்த தாள் எதுவும் வரவில்லை, சோடிகூட இல்லை. அவர் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். ஃபார்ஹா நீண்ட நேரம் யோசித்து, ஒன்பது சோடியைக் கவிழ்த்தார். இதை ஒரு துணிச்சல் கதையாகத்தான் நான் முதலில் கேட்டேன். ஆனால் பலமான கை இருப்பதுபோல் காட்டி எதிராளியை விலகவைக்கும் வெருட்டுக்கும் கணக்கு உண்டு. கணிதவியலாளர் ஜோன் வான் நியூமன் போக்கரைச் சுருக்கி ஆராய்ந்து, வெருட்ட வேண்டியது மிக மோசமான கைகளைக் கொண்டே என்று காட்டினார். நடுத்தரமான கைகளுக்குக் காட்டிப் பார்த்து வெல்லும் வாய்ப்பு இருப்பதால், அவற்றை வெருட்டில் செலவழிப்பது வீண். நான் இதுவரை வெருட்டிய இரண்டு தடவையும் நடுத்தரக் கையோடுதான் வெருட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி, நிக்கினிப் போயா

மருமகன் அடுத்த வாரம் கொழும்புக்குத் திரும்புகிறான். அதற்குள் ஒரு தடவையாவது அவன் முன்னால் உரிய முறையில் ஆடிக் காட்ட வேண்டும் என்று மனதில் இருந்தது. அதுவும் ஒரு தூண்டில் என்பதை அறிந்து, முதல் ஒன்பது கைகளையும் விட்டேன்.

பத்தாவது கையில் டயமன் பத்தும் டயமன் ஒன்பதும். காத்திருந்த டயமன் வரவில்லை. கடைசித் தாளோடு என் கை ஒன்றுமில்லாததாகியது. குவியலில் 60 கொட்டைகள், எதிரே பெரியப்பா மட்டும். நான் 40 வைத்தால், நூற்றில் நாற்பது தடவைக்கு மேல் அவர் விலகினாலே எனக்கு இலாபம். கொப்பியில் பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது: இப்படிக் கடைசித் தாளுக்குப் பின் நான் பலமாக வைத்தவை 17 கைகள், அவர் விலகியவை 11. என் கை மோசமானது, காட்டினால் தோற்பது உறுதி, நடுவில் மூன்று டயமன் இருப்பதால் என்னிடம் இன்னும் இரண்டு இருக்கலாம் என்று அவர் நம்பவும் இடமிருக்கிறது என்று நான் எண்ணத் தொடங்கும்போதே, அப்படி இருந்தால் அது வெருட்டே இல்லை என்பது உறைத்தது. குனிந்து நடுத்தாள்களை மறுபடியும் எண்ணினேன். இரண்டு டயமன், மூன்று கலாவரை. அவர் அஞ்ச வேண்டியது கலாவரைக்கு. அது எனக்கு இன்னும் நல்லது. பார்த்தது வரையில் அவரும் கலாவரையில் உற்சாகம் காட்டவில்லை.

40 கொட்டைகளை எண்ணி நடுவில் வைத்தேன். கை நடுங்கவில்லை. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் போட்டார், என்னைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்தார். "பிள்ளை கலாவரை வைத்திருக்கிறாளோ என்னவோ" என்று முணுமுணுத்துவிட்டு 40 வைத்தார். அவரிடம் யாக்குச் சோடி. 304 இன் முப்பது.

மச்சாள் சிரித்தார், அண்ணா பெரியப்பாவின் முதுகில் தட்டினார், மருமகன் மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் கொப்பியை எடுத்து, முதல் நிரலில் "சரி" என்றும் இரண்டாம் நிரலில் "−40" என்றும் எழுதினேன். பெரியப்பாவின் பக்கத்தில் 18 கைகள், 11 விலகல் என்று திருத்தினேன். இன்னமும் நாற்பதுக்கு மேலேதான் இருக்கிறது. படலைக்குப் போக வேண்டுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், தேவைப்படவில்லை.

அண்ணா அடுத்த கையைப் பகிர்ந்தார். ஆட்டின் ஏழு, கலாவரை இரண்டு. கவிழ்த்தேன்.